சுவருக்குள் தண்ணீர் போகாது

தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, அப்படி வருவதற்கு அதற்கு வழியே கிடையாது என்பது யாருக்கும் தெரியாது. பிறகுதான் தெரியவந்தது.

பள்ளத்தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. ஒற்றை அறை, தாழ்ந்த தகரக் கூரை. செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றும் ஒருவனும் அவன் அக்காவும் அதில் இருந்தார்கள். அக்காவும் அதே சூளையில் கல் சுமந்தவள்தான். லாரியில் சாத்தியிருந்த பலகை வழுக்கி, தலைச்சுமையோடு கீழே விழுந்து, இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டு நனைந்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், பிறகு சுமை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் தம்பி கட்டிலின் நாலு காலுக்கும் கீழே கல் வைத்தான். இன்னும் ஏறியது, இன்னும் வைத்தான். அந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் செங்கல்லுக்கு வராது. முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது அக்கா படுத்தபடியே கையை நீட்டிக் கூரைத் தகரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல கல்லு வச்சியானா, தகரத்துல ஓட்ட போட்டுத்தான்டா என்னை வெளிய எடுக்கணும்."

"பேசாம படுக்கா. பம்பு ஓடுனா எல்லாம் வடிஞ்சுடும்."

"அப்ப போய் ஓடச் சொல்லு. என்னைப் பாத்துக்கிட்டு நின்னா ஓடுமா?"

தெருமுனையில் பம்பு இருந்தது. அதில் எந்தப் பழுதும் இல்லை. மின்சாரமும் இருந்தது. பம்பு ஆபரேட்டரும் இருந்தார். பம்பின் மேலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சுவிட்சப் போடுங்கண்ணே. வீட்டுல ஆள் படுத்த படுக்கையா கிடக்குது."

"போடலாம்ப்பா. மேட்டுல கணிப்பகத்துல இருந்து விடை வரணும். தண்ணி எங்கேருந்து எங்க போவுதுன்னு அவங்க கணக்குப் போட்டு முடிச்சாதான் நான் சுவிட்சத் தொடலாம்."

"எங்க போவுதுன்னு தெரியலியாண்ணே? உங்க கால்மேலதான் போவுது."

"எனக்குத் தெரியுது. கணக்குக்குத் தெரியணும்ல? ஒரு தடவ கணக்கு இல்லாம ஓட்டி, மேட்டுத்தெரு வாசல்படி நனைஞ்சுபோச்சு. அதுலேருந்து இந்த ஏற்பாடு." குடையைத் தோள் மாற்றிக்கொண்டார். "நீ வேணா மேல போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வா. நான் எங்கியும் போமாட்டேன்."

நீரோட்டக் கணிப்பகம் மேட்டின் உச்சியில் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஆராய்கிற இடம் என்பதால் தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். முன்வாசலில் அகலமான படிகள். ஈரக் காலோடு தம்பி உள்ளே ஒரு எட்டு வைத்தான். தலைக்கு மேல் மணி அடித்தது. அதே நேரம் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு கதவு திறந்து மூடும் சத்தமும், "ஐயோ, என் டீ!" என்று ஒரு குரலும் கேட்டன.

காவலாளி ஓடி வந்தார். "யாருய்யா நீ? சொல்லாம கொள்ளாம உள்ள வந்துட்ட? அங்க ஒருத்தர் வெளிய போயிட்டாரு பாரு."

"நான் யாரையும் போகச் சொல்லலீங்களே."

"நீ சொல்லணுமா? தண்ணிய அமுக்கிச் சின்னதாக்க முடியாது. தெரியுமா? ஒரு எடத்துக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவு வெளிய போயாகணும். இந்த ஆபீஸோட கொள்கையே அதான். ஊருக்குச் சொல்றத நாமளும் செய்யணும்ல? முன்னால ஒருத்தர் நுழைஞ்சா பின்னால ஒருத்தர் வெளிய போவாரு. இப்பப் போனது டைப்பிஸ்ட். பாவம், டீ குடிச்சிக்கிட்டிருந்தாரு."

"அப்ப நான் வெளிய போயிடட்டுங்களா?"

"போனா வேற யாராவது உள்ள வரணும். தெருவுல யாரும் இல்ல. வந்தது வந்துட்ட, உள்ளயே போ."

தம்பி ஒவ்வொரு அறையாகப் போனான். அவன் நுழைந்த அறையிலிருந்து ஒருவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அந்த அறையிலிருந்து இன்னொருவர் அதற்கடுத்த அறைக்கு. யாரும் முகம் சுளிக்கவில்லை. சிலர் கையில் சாப்பாட்டு டப்பாவை எந்நேரமும் தயாராகப் பிடித்திருந்தார்கள்.

நடுவில் பெரிய கூடம். அதில் மேசைகளைச் சதுரம் சதுரமாக, இடைவெளி பிசகாமல் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குமாஸ்தா. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உன் எண் என்னப்பா?"

"இப்பதான சொன்னேன்!"

"அது பழசு. நான் மாத்திட்டேன். நீயும் மாத்து."

"நான் மாத்துனா பின்னால இருக்கிறவன் மாத்தணும், அவன் என்னைக் கொன்னுடுவான்."

அங்கே நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அழுத்த அதிகாரி, தம்பியைக் கண்டதும் ஆசையாக வந்தார். விளக்கம் கேட்க ஒரு ஆள் கிடைத்து அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

"ஊரைக் கட்டம் கட்டமா நறுக்கியிருக்கோம். ஒரு மேசை ஒரு கட்டம். முதல்ல இவங்க எல்லாரும் அவங்கவங்க கட்டத்துல தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு தோணுனபடி எழுதுவாங்க."

"தோணுனபடின்னா, தப்பா இருந்தா மேடம்?"

"தப்பாத்தான் இருக்கும். அது முதல் பாதி. ரெண்டாவது பாதியில நான் வருவேன். வந்த தண்ணிக்கும் போன தண்ணிக்கும் சரியா வர்ற மாதிரி அழுத்தத்தை ஏத்தி எறக்கி, முதல் பாதியில செஞ்ச தப்பையெல்லாம் தள்ளி நிமித்துவேன். ஒவ்வொருத்தரும் சுத்தியிருக்கிற நாலு பேரோட எண்ணைக் கேட்டுத் தன் எண்ணை மாத்திக்கணும். அதுக்குள்ள அந்த நாலு பேரும் மாத்தியிருப்பாங்க. மறுபடி கேக்கணும். யாருமே மாத்த வேண்டாத நிலைமை வந்தா, விடை நிலைச்சுதுன்னு அர்த்தம்."

"எப்ப நிலைக்கும் மேடம்?"

"நிலைச்சுக்கிட்டே இருக்கு," என்றார் அதிகாரி பெருமையாக.

கூடத்தின் மூலை மேசையில் ஒருவர் மட்டும் கன்னத்தைக் கையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி அவரையே பார்ப்பதைக் கண்டு அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதீங்க. அவர்தான் எங்களுக்கு ஆதாரம். அழுத்தத்துக்குன்னு சொந்தமா ஒரு மதிப்பு கிடையாது. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. அதனால யாராவது ஒருத்தர் அசையாம பூஜ்யமா இருந்தாகணும். இந்த வேலைக்கு நிறைய பேர் விண்ணப்பம் போட்டாங்க. இவரளவுக்கு யாராலும் முடியல."

"மேடம், எங்க வீட்டுல முழங்காலுக்குத் தண்ணி. அக்கா கட்டில்ல கெடக்குது. பம்பு ஓடணும்னா..."

"வீட்டுல தண்ணியா?" அதிகாரி நிஜமாகவே திடுக்கிட்டார். "எந்தத் தெரு?"

பள்ளத்தெரு என்றதும் அவர் முகம் தெளிந்தது. இயக்குநர் அறைக்குக் கூட்டிப் போனார். அவர்கள் நுழைய, அங்கிருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

இயக்குநரின் அறை பெரியது. ஒரு சோபா, சக்கரம் வைத்த நாற்காலி, சுவர் முழுவதும் ஊரின் கட்டப்படம். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தெரு தெரியும் என்பதால் ஜன்னல் மூடியிருந்தது. இயக்குநர் நல்ல மனிதர். தம்பியை உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தால் வேறு யாராவது எழுந்திருக்க வேண்டியிருக்குமோ என்று பயந்து நின்றான்.

"தம்பி, இந்த நிறுவனம் தொடங்குன நாள்லேருந்து ஒரு சொட்டுத் தண்ணிய நாங்க தொலைச்சதில்ல. உள்ள வந்தது அத்தனையும் வெளிய போயிருக்கு. உலகத்துல எந்த வாய்க்காலாவது இப்படி மார்தட்டிச் சொல்ல முடியுமா?"

"அப்ப எங்க வீட்டுல நிக்கிறதுங்கய்யா?"

"அது எங்க தண்ணி இல்ல."

எழுந்து கட்டப்படத்தில் ஒரு கறுப்புக் கட்டத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். "இதான் உங்க வீடு. வெள்ளைக் கட்டம் தண்ணி. கறுப்புக் கட்டம் சுவர். நீங்க சுவர்."

"நாங்க சுவருக்குள்ள குடியிருக்கோம்ங்கய்யா. நாங்களே சுவர் இல்ல."

"கதவு, ஜன்னல், அடுப்பு, ஆளுன்னு பாத்துக்கிட்டிருந்தா கணக்குத் தாங்காது தம்பி. மொத்தத் தெருவையும் சுவர்னு வச்சுட்டோம். கெட்டியான சுவர். நல்லதுதான? சுவருக்குள்ள தண்ணி போகாது."

"விடை எப்ப வருங்கய்யா?"

இதற்காகவே காத்திருந்தவர்போல இயக்குநர் நிமிர்ந்தார். கூட்டத்தில் பேசும் குரல் வந்துவிட்டது.

"முன்னாடியெல்லாம் பெரிய பெரிய கட்டமா போட்டோம். விடை அன்னிக்கே வந்துடும். சீச்சீ, அதுல என்ன பெருமை? நான் பொறுப்புக்கு வந்ததும் கட்டத்தைச் சின்னதாக்குனேன். கட்டம் சின்னதானா காலத்தையும் பொடிப்பொடியா நறுக்கணும். ஏன்? தண்ணி ஒரே தாவுல ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிச்சுடக் கூடாது. குதிச்சா கணக்கு வெடிச்சுடும். இன்னும் சின்னதாக்குனேன். இன்னும் நறுக்குனோம். இப்ப ஒரு நிமிஷ ஓட்டத்தைக் கணக்குப் போட எங்களுக்கு ஒரு மாசம் ஆவுது. இந்த அளவுக்கு நேர்த்தியா வேற எந்த ஊர்லயும் தாமதமாகுறதில்ல. போன வருஷ மழையோட முதல் சில நிமிஷத்தைத் தாண்டிட்டோம்."

"போன வருஷ மழையா? நாங்க இந்த வருஷ மழையிலங்கய்யா கெடக்குறோம்."

"வரிசைப்படிதான் வர முடியும். நடுவுல கணக்கு ஆட்டம் கண்டுச்சு, அதுல வேற தாமதம். ஆட்டத்தை அடக்கத் தண்ணிய கொஞ்சம் கெட்டியாக்குனோம். இப்ப எங்க தண்ணி தேன் பதத்துல இருக்கு. தேன் அவ்வளவு சீக்கிரம் உங்க வீட்டுக்கு வராது, பயப்படாதீங்க." தோளில் தட்டிக் கொடுத்தார். "அதை நம்பித்தான் நாளைக்குக் காலைல ஏரியோட மேல் மதகைத் திறக்கச் சொல்லியிருக்கேன்."

மேல் மதகைத் திறந்தால் தண்ணீர் கட்டிலைத் தாண்டும்.

"ஐயா, வேணாங்கய்யா. அக்கா கால்ல கட்டு. ஒரு தடவ வந்து பாத்துட்டாவது திறங்க."

இயக்குநர் கருணை உள்ளவர். அழுத்த அதிகாரியை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

அதிகாரி முட்டி வரைக்கும் பூட்ஸ் மாட்டி வந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. அதை அவர் பார்க்கவில்லை. வீட்டு நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"சுவர்தான்," என்றார். "ஆனா ஒரு குறை. சுவரை ஒட்டுன தண்ணி அசையக் கூடாது. ஒட்டுனபடியே நிக்கணும், அதான் விதி. இங்க அசையுது. நீங்க நடமாடுறதாலதான். கொஞ்ச நாளைக்கு யாரும் காலை ஆட்டாம இருக்கணும்."

"நான் ஆட்டலம்மா," என்றாள் அக்கா மேலேயிருந்து. "எனக்குக் கட்டுப் போட்டிருக்கு. அந்தா, கட்டிலுக்கடியில சோத்துச் சட்டி மிதந்து போவுது பாருங்க. அதையும் நிக்கச் சொல்லிட்டுப் போங்க."

அதிகாரி சட்டியைப் பார்த்தார். சட்டி அவர் முட்டியில் இடித்துத் திரும்பிப் போனது.

"நீங்க கூரை வரைக்கும் ஏறிப் படுத்திருக்கீங்களே, ஏன்?"

"சுவர்ல பல்லி எங்கம்மா படுக்கும்?"

அதிகாரி இதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டார். திரும்பிப் போய், அங்கே குடியிருப்பவர்களே சுவர் என்று ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்.

மறுநாள் காலை மதகு திறந்தது. தண்ணீருக்குத் தேன் பதம் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. அது வழக்கம்போலத் தண்ணீராகவே வந்தது. பள்ளத்தெரு இடுப்பு வரை மூழ்கியது. தம்பியும் அக்கம்பக்கத்து ஆண்கள் மூன்று பேரும் கட்டிலை அக்காவோடு சேர்த்துத் தோளில் தூக்கினார்கள். சுமை தூக்கிய தோள்கள்தான். ஆனால் இத்தனை பேசும் சுமையை அவை தூக்கியதில்லை.

"இடது பக்கம் சரியுது, இடது பக்கம்! கல்லு ஏத்தும்போது இப்படித்தான் ஏத்துவியாடா? உன் லாரி எப்படிய்யா ஊர் போய்ச் சேருது?"

தெருவே மேட்டைப் பார்த்துக் கிளம்பியது. வேறு உலர்ந்த இடம் இல்லை. பிள்ளைகள், ஆடுகள், தையல் மிஷினைத் தலையில் சுமந்த ஒருத்தி, எல்லாரும் கணிப்பகத்தின் படி ஏறினார்கள். காவலாளி கையை விரித்து மறித்தார்.

"நில்லுங்க! உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒருத்தர் வெளிய போகணும்!"

"போகட்டும்," என்றாள் அக்கா கட்டிலிலிருந்து. "நாங்களா புடிச்சு வச்சிருக்கோம்?"

காவலாளி யோசித்தார். விதியில் தப்பு எதுவும் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டார்.

மணி அடித்தது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. முன்வாசலில் பள்ளத்தெரு நுழைய நுழைய, பின்வாசலில் கணிப்பகம் வெளியேறியது. குமாஸ்தாக்கள் டப்பாவும் கையுமாக, "என் எண்ணை யாராவது குறிச்சுக்கங்க!" என்று கத்தியபடி போனார்கள். பின்வாசல் திறப்பது சரிவில். மழையில் களிமண் சரிவு சோப்புப் போட்டதுபோல இருந்தது. அது நேரே பள்ளத்தெருவில் போய் முடிந்தது. ஆடுகளுக்கு ஈடாக யாரை அனுப்புவது என்று ஒரு கணம் குழப்பம் வந்தது. தற்காலிகப் பணியாளர்களை அனுப்பினார்கள்.

கட்டில் வாசலுக்கு வந்தது. "ஆளுக்கு ஆள் சரி," என்றார் காவலாளி. "கட்டில் உள்ள வரணும்னா அதே அளவுக்குச் சாமான் வெளிய போகணும்."

மேலே இயக்குநர் அறையில் சோபா போதவில்லை. நாற்காலியும் சேர்ந்தால்தான் அளவு சரியாக வந்தது. நாற்காலியில் இயக்குநர் இருந்தார். அக்காவும் கட்டிலும் சேர்ந்தே வருவதால் இயக்குநரும் நாற்காலியும் சேர்ந்தே போவதுதான் முறை என்று அவரே தீர்ப்புச் சொன்னார். கொள்கையில் அவர் அத்தனை உறுதி. சக்கர நாற்காலி சரிவில் இறங்கியபோது, கூட்டத்தில் பேசும் குரலில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். முடிவு கேட்கவில்லை.

கடைசியாகத் தையல் மிஷின்காரி நுழைந்தாள். மூலை மேசையில் தூங்கியவர் அப்படியே சறுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்து, கண் விழித்து, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

அக்காவின் கட்டிலை இயக்குநர் அறையில் இறக்கினார்கள். மாவுக்கட்டைத் தம்பி தடவித் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் சாரல் பட்டு மெத்தென்று இருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா அதட்டினாள்.

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? ஜன்னலைத் திற. காத்துப் பட்டாக் காஞ்சுடும்."

திறந்தான். கீழே பள்ளத்தெரு முழுவதும் தெரிந்தது. அவர்கள் வீட்டு வாசலில் இயக்குநர் மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். பக்கத்தில் அழுத்த அதிகாரி நின்றிருந்தார், காலை ஆட்டாமல். நாற்காலி தனியாக மிதந்து போனது.

"ஆபரேட்டர்!" என்று இயக்குநர் கத்தியது மேலே வரைக்கும் கேட்டது. "சுவிட்சப் போடுய்யா!"

பம்பின் மேல் நின்றிருந்த ஆபரேட்டர் குடையை மடக்கி மரியாதை செய்தார். "போடலாம் சார். விடை நிலைச்சுதுங்களா?"

"தண்ணி கழுத்துக்கு வருதுய்யா!"

"எனக்குத் தெரியுது சார். கணக்குக்குத் தெரியணும்ல?"

இயக்குநர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். கூடத்தில் மேசைக்கு மேசை கத்திக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தண்ணீரில் வாய்மூடி நின்றார்கள். ஒருவனும் எண்ணை மாற்றவில்லை. ஒருவனும் பக்கத்தவனைக் கேட்கவில்லை. எல்லார் தாடையும் ஒரே மட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நிலைச்சுடுச்சு," என்றார் இயக்குநர்.

"எப்ப சார்?"

"இப்பதான்யா! போடு!"

பம்பு ஓடியது. மத்தியானத்துக்குள் தெரு வடிந்து சேறு தெரிந்தது. பள்ளத்தெருக்காரர்கள் மேட்டிலிருந்து இறங்க, கணிப்பகத்துக்காரர்கள் ஏற, சரிவின் நடுவில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடந்தன. வந்த தொகையும் போன தொகையும் சரியாக இருந்ததாகக் காவலாளி உறுதி செய்தார். ஓர் ஆடு மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது. மூலை மேசைக்கு அது பொருத்தமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் அறிவிப்பு ஒன்று கொடுத்தார். பம்பு ஓடியது விடையின்படிதான்; விடையில் பிழை இல்லை. மதகு திறந்த அன்றைய தினத்தைக் கணக்கு எட்டுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும்; அதுவரை அன்று என்ன நடந்தது என்று யாரும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆகவே இயக்குநர் இதுவரை நனையவில்லை. முன்னெச்சரிக்கையாகக் கணிப்பகக் கட்டடமும் படத்தில் கறுப்பாகத் தீட்டப்பட்டது. இனி அதற்குள் யாரும் நுழைய முடியாது. அது சுவர்.

அறிவிப்பை ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகச் சொல்லிப் போனபோது தம்பி வீட்டுச் சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தான். அக்காவின் கால் நேராகக் கூடிவருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் குனிந்து கல்லை ஒவ்வொன்றாக உருவப் பார்த்தான்.

"தொடாத," என்றாள் அக்கா.

"இனிமே எதுக்குக்கா? எல்லாம் வடிஞ்சு போச்சு. நீ கீழ எறங்க வேணாமா?"

"கல்லு இருக்கட்டும். எறங்க ஒரு ஏணி கட்டிக்கொடு." மேட்டுப் பக்கம் காதைக் காட்டினாள். காற்று திரும்பியதில், கூடத்திலிருந்து சத்தம் மெலிதாக வந்தது. ஒருவன் இன்னொருவனிடம் அவன் எண் என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டானுங்க."